எதையும் கைவிடாத பட்டியல்: ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் கதை

இசைத்தட்டு வணிகத்தில் சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கும் வேலை ஒன்று உண்டு. விற்பனைப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, எதிர்பார்த்த அளவு போகாத தட்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துவிடுவார்கள். அடித்த பிறகு அந்தத் தட்டு மறுபடி அச்சாகாது. கடைக்காரர் கேட்டு எழுதினாலும் கிடைக்காது. ஆனால் பதிவின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும். பாடியவரே விரும்பினாலும் அதை வேறிடத்தில் வெளியிட வழியில்லை. எத்தனையோ குரல்கள் இந்தக் கணக்குப் பார்ப்பில் மறைந்து போயிருக்கின்றன.

நியூயார்க்கில் 1948-இல் தொடங்கிய ஃபோக்வேஸ் என்ற சிறு நிறுவனம் இந்த வேலையைச் செய்ய மறுத்தது. அதை நடத்திய மோசஸ் ஆஷ் 1986 அக்டோபரில் இறந்தபோது பட்டியலில் 2,168 தொகுப்புகள் இருந்தன. சராசரியாகப் பார்த்தால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களான வூடி கத்ரியும் லெட் பெல்லியும் பீட் சீகரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். வட அமெரிக்கத் தவளைகளின் குரல்களும், பழைய இரும்புக் கிடங்கின் ஓசையும், குரல்வளை அகற்றப்பட்டவர்கள் மீண்டும் பேசக் கற்றுக்கொண்ட பேச்சும் அதே பட்டியலில்தான் இருந்தன. அகராதியில் ஓர் எழுத்து குறைவாகப் பயன்படுகிறது என்பதற்காக அதை யாரும் நீக்கிவிடுவதில்லையே என்பது ஆஷ் வழக்கமாகச் சொல்லும் வாதம்.

இதை ஒரு மனிதரின் பிடிவாதம் என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடலாம். பிடிவாதம் இருந்தது உண்மைதான். ஆனால் வெறும் பிடிவாதம் 38 ஆண்டுகள் வாடகை கட்டாது. அதற்கு அடியில் தெளிவான ஒரு வணிகக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு பகுதியைப் பாடகர்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஃபோக்வேஸின் வரலாறு முழுமையாகப் புரியும்.

ஆஷ் 1905-இல் வார்சாவில் பிறந்தவர். தந்தை ஷோலம் ஆஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியின் புகழ்பெற்ற நாவலாசிரியர். குடும்பம் பாரிஸுக்குப் போய், முதல் உலகப்போர்க் காலத்தில் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. மகன் இலக்கியத்தின் பக்கம் போகவில்லை. ஜெர்மனியில் மின்னணுவியல் படித்தார். திரும்பி வந்து வானொலிப் பெட்டி பழுதுபார்த்தார். ஒலிபெருக்கிக் கருவிகள் செய்து கொடுத்தார். நியூயார்க்கின் இத்திஷ் வானொலியான டபிள்யூ.இ.வி.டி.க்கு ஒலிபரப்புக் கருவி அமைக்கும் வேலை அவருக்கு வந்தது. அந்த வானொலிக்கு ஒலிபரப்ப இத்திஷ் தட்டுகள் தேவைப்பட்டன. பெரிய நிறுவனங்களோ அவற்றைப் போடுவதில் அக்கறை காட்டவில்லை. கருவி செய்தவரே தட்டும் போடத் தொடங்கினார். 1940-ஐ ஒட்டி ‘ஆஷ் ரெக்கார்ட்ஸ்’ பிறந்தது இப்படித்தான். தந்தையுடன் பிரின்ஸ்டனுக்குச் சென்று ஐன்ஸ்டைனின் செய்தி ஒன்றைப் பதிவு செய்ததாகவும், அப்போது ஐன்ஸ்டைன்தான் உலகின் ஒலிகளைப் பதிவு செய்து வைக்கும்படி ஊக்கப்படுத்தியதாகவும் ஆஷ் பல முறை சொல்லியிருக்கிறார்.

1941-இல் லெட் பெல்லி அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். லூசியானாவில் பிறந்த கறுப்பினப் பாடகர். பன்னிரண்டு கம்பி கிதாரில் வல்லவர். கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர். அவர் பாடிய குழந்தை விளையாட்டுப் பாடல்களை ஆஷ் தட்டாக வெளியிட்டார். சிறைக்குப் போனவரைக் குழந்தைகளுக்குப் பாட வைப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. ஆஷ் பின்வாங்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, வணிகக் கப்பலில் மாலுமியாக இருந்த வூடி கத்ரி இரண்டு கடற்பயணங்களுக்கு இடையே வந்து, நண்பர் சிஸ்கோ ஹூஸ்டனுடன் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தார். ஒரு மைக், நேரடியாகத் தட்டில் வெட்டும் கருவி, அவ்வளவுதான். மெருகூட்டுவதில் ஆஷுக்கு நம்பிக்கை இல்லை. அறைக்குள் என்ன ஒலித்ததோ அதுவே தட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்த எளிமையே செலவையும் குறைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

போர்க்காலம் சிறு நிறுவனங்களுக்கு நெருக்கடியையும் வாய்ப்பையும் ஒருசேரக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அன்றைய தட்டுகள் அரக்கால் ஆனவை. அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, குறிப்பாகச் சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து போய்க்கொண்டிருந்தது. போரால் கடல்வழி தடைபட்டது. இருந்த சரக்கும் ராணுவத் தேவைக்குப் போனது. 1942-இல் தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டை அமெரிக்க அரசு 70 சதவீதம் வெட்டியது. பழைய ஒதுக்கீடு இல்லாத சிறு நிறுவனத்துக்கு மூலப்பொருளே இல்லை என்ற நிலை. ஆஷ், அரக்கு ஒதுக்கீடு வைத்திருந்த ஸ்டின்சன் என்ற நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் அறிவித்துப் பெரிய நிறுவனங்களின் கூடங்களை முடக்கியது. சங்கத்தில் சேராத நாட்டுப்புறப் பாடகர்களுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. சரக்கு கொஞ்சம், போட்டி அதைவிடக் கொஞ்சம், போட்டதெல்லாம் விற்றது.

போர் முடிந்தது; கூட்டும் முறிந்தது. கூட்டுக் காலப் பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்ற சிக்கல் மட்டும் மிஞ்சியது. அடுத்து ‘டிஸ்க்’ என்ற பெயரில் ஆஷ் பெரிய அளவில் இறங்கினார். ஜாஸ் இசைக்குப் பணம் கொட்டினார். நாட் கிங் கோல் பாடிய கிறிஸ்துமஸ் தொகுப்பு ஒன்றில் பெருந்தொகையை முடக்கியதாகவும், பனிப்புயலால் தட்டுகள் பண்டிகைக்கு முன் கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்றும் பிற்காலத்தில் சொன்னார். காரணம் அது ஒன்றுதானோ, பலவோ, டிஸ்க் திவாலானது. வெற்றிப்பாட்டு ஒன்றை நம்பி முதலீடு செய்வது சிறு நிறுவனத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அவர் தம் பணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார். பின்னாளில் ஃபோக்வேஸ் வெற்றிப்பாட்டைத் தேடவே இல்லை என்பதற்கு இந்தத் தோல்வியே வேர் என்பது என் கருத்து.

திவாலானவர் தம் பெயரில் உடனே புது நிறுவனம் தொடங்க முடியாத நிலை. அவருடைய உதவியாளர் மரியன் டிஸ்ட்லர் ஃபோக்வேஸின் தலைவரானார். ஆஷ் ஏட்டளவில் ஆலோசகர். டிஸ்ட்லரின் பங்கைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 1964-இல் இறக்கும்வரை அந்தச் சிறு அலுவலகத்தின் கணக்கு, கடிதம், விநியோகம் ஆகிய சுமைகளைத் தாங்கியவர் அவர். ஃபோக்வேஸை இருவர் தொடங்கினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

நேரமும் கூடிவந்தது. 1948-இல்தான் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஒலிக்கும் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. அரக்குத் தட்டு போல அது உடையாது, அஞ்சலில் அனுப்பலாம். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் என்ற எல்லை போய், ஒரு சடங்கையோ நீண்ட கதைப்பாடலையோ முழுமையாகத் தரலாம். கூடவே, எடுத்துச் செல்லக்கூடிய நாடாப் பதிவுக் கருவிகளும் வந்தன. மானுடவியலாளர்களும் பயணிகளும் ஊர் ஊராகப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். அவற்றை வெளியிட ஆளில்லை. ஆஷின் கதவு திறந்திருந்தது. ஹைத்தியில் பதிவு செய்த ஹரால்ட் கோர்லாண்டர் உலக இன இசை வரிசையின் ஆசிரியரானார். இசையமைப்பாளர் ஹென்றி கவல் உலக மக்களின் இசை என்று ஒரு வரிசையே தொகுத்தார். அலன் டானியேலு இந்தியாவின் சமய இசையைக் கொடுத்தார். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சார்ல்ஸ் போகர்ட் 57 வகைத் தவளை, தேரைகளின் குரல்களைக் கொடுத்தார். 1958-இல் வெளியான அந்தத் தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது.

இனி அந்தக் கணக்கு. பெரிய நிறுவனம் ஒரு தட்டை ஆயிரக்கணக்கில் அச்சிட்டுக் கிடங்கில் அடுக்கும். விற்காமல் தங்கும் ஒவ்வொன்றும் நட்டம். அதனால்தான் பட்டியலிலிருந்து அடிப்பது கட்டாயமாகிறது. ஆஷ் சில நூறு தட்டுகள் போடுவார். தீர்ந்தால், ஆர்டர் வந்தால், மறுபடி சிறிதளவு போடுவார். உறையிலும் இதே சிக்கனம். தடித்த கறுப்பு அட்டை உறை எல்லாத் தொகுப்புகளுக்கும் பொது. அதன்மேல் ஒட்டும் தாள் மட்டும் மாறும். ஒன்றிரண்டு நிறத்தில் அச்சான அந்தத் தாள்களை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ரொனால்ட் கிளைன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட உறைகள் அவர் கைவண்ணம். பழைய ஓவியம் அல்லது புகைப்படம் ஒன்று, அடக்கமான எழுத்து, நிறைய வெற்றிடம். பணமில்லாததால் வந்த சிக்கனம் என்று சொல்ல மனம் வராத அளவுக்கு அவை அழகானவை.

உறைக்குள் ஒரு கையேடு இருக்கும். பாட்டின் சொற்கள், மொழிபெயர்ப்பு, எங்கே யாரிடம் பதிவு செய்யப்பட்டது, எந்தச் சடங்கில் பாடுவது, எந்த இசைக்கருவி என்ற விவரங்கள். இந்தக் கையேடுதான் தட்டைப் புத்தகத்தின் வரிசையில் கொண்டுபோய் வைத்தது. கடைகளைவிடப் பள்ளிகளும் நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் ஃபோக்வேஸை அதிகம் நம்பின. ஃபோக்வேஸும் அவற்றையே நம்பியது. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் வானேறிய அதிர்ச்சியில் அமெரிக்கா 1958-இல் கல்விக்கென்று சட்டம் இயற்றிப் பணம் ஒதுக்கியபோது, பள்ளிக்கூடங்கள் ஒலிப்பதிவுகளையும் வாங்கின. நூலகத்துக்கு இந்த ஆண்டின் வெற்றிப்பாட்டு தேவையில்லை. முழுமையான தொகுதி தேவை. தேய்ந்துபோன தட்டுக்கு மாற்று தேவை. பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் கிடைக்கும் என்ற உறுதி தேவை. ஆகவே பட்டியலில் எதையும் அடிக்காமல் இருப்பது தியாகமாக இல்லாமல் விற்பனைக்கான காரணமாகவே ஆனது. மெதுவாக விற்கும் இரண்டாயிரம் தட்டுகள் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தாங்க முடியும் என்று இணையக் கடைகள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆஷ் காட்டினார்.

இந்தக் கணக்குக்கு அரசியல் பயனும் இருந்தது. லெட் பெல்லி 1949 டிசம்பரில் வறுமையில் இறந்தார். அடுத்த ஆண்டே அவர் பாடிவந்த ‘குட்நைட் ஐரீன்’ பாடலை வீவர்ஸ் குழு டெக்கா நிறுவனத்துக்காகப் பாடியது. அது பதின்மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்தக் குழுவில் இருந்தவர் பீட் சீகர். கம்யூனிஸ்ட் எதிர்ப்பு வேட்டை தொடங்கியதும் குழுவின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியது. நிகழ்ச்சிகள் நின்றன. நாடு முழுவதும் பாடிய அந்தப் பாடல்களை 1953-இல் டெக்கா தன் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. பட்டியலில் கோடு போடுவது எவ்வளவு பெரிய தணிக்கை ஆயுதம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சீகர் 1955-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். 1961-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 1962-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. இந்த ஆண்டுகள் முழுவதும் ஃபோக்வேஸ் அவருடைய தொகுப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டுக்கொண்டே இருந்தது. ஆஷுக்குத் துணிச்சல் இருந்தது. மிரட்டி நிறுத்த அவரிடம் வானொலி விளம்பரமோ பெரிய கடைத்தொடர்களின் ஒப்பந்தமோ இருக்கவில்லை என்பதும் அதே அளவு முக்கியம். கறுப்பின உரிமைச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டூபாய்ஸ் தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும் தட்டு 1961-இல் வந்தது. கேள்வி கேட்டவர் ஆஷ்தான். நாஷ்வில் உணவகங்களில் இனப்பாகுபாட்டை எதிர்த்து உட்கார்ந்து போராடிய மாணவர்களின் குரல்கள் 1960-இலேயே தட்டாயின.

ஃபோக்வேஸ் வெளியீடுகளில் அதிகம் பேசப்படுவது 1952-இல் வந்த அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகை. ஹாரி ஸ்மித் என்ற இளம் ஓவியர், திரைக்கலைஞர், தட்டுச் சேகரிப்பாளர், பணமுடையில் தம் சேகரிப்பை விற்க ஆஷிடம் வந்தார். வாங்குவதற்குப் பதிலாக, அதிலிருந்து ஒரு தொகுப்பு செய்து தரும்படி ஆஷ் கேட்டார். 1927 முதல் 1932 வரை பெரிய நிறுவனங்கள் வெளியிட்டுப் பின்னர் கைவிட்ட தட்டுகளிலிருந்து 84 பாடல்களை ஸ்மித் தேர்ந்தெடுத்தார். கதைப்பாடல்கள், கூடிப் பாடியாடும் இசை, தனிப்பாடல்கள் என்று மூன்று பகுதி. மொத்தம் ஆறு எல்.பி. தட்டுகள். பாடியவர் வெள்ளையரா கறுப்பரா என்பதை அவர் கையேட்டில் எங்கும் குறிக்கவில்லை. அது வேண்டுமென்றே செய்தது. இனவாரியாகப் பிரித்து விற்கப்பட்ட தட்டுகள் அங்கே முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒலித்தன. பலர் கறுப்பினப் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை வெள்ளையர் என்றே பல காலம் நினைத்திருந்தார்கள்.

அசல் தட்டுகளை வெளியிட்ட நிறுவனங்களிடம் ஆஷ் அனுமதி பெறவில்லை. நீங்கள் கைவிட்டவற்றை மக்கள் கேட்க உரிமை உண்டு என்பது அவர் நிலை. சட்டப்படி அது தவறு. அந்த நிறுவனங்கள் அந்தக் குரல்களுக்குச் செய்ததும் நேர்மையல்ல. 1997-இல் மறுவெளியீடு செய்தபோதுதான் உரிமைகள் முறையாகத் தீர்க்கப்பட்டன. ஆனால் 1952-இல் அனுமதிக்காகக் காத்திருந்தால் அந்தத் தொகை வந்திருக்காது என்றே நம்புகிறேன். அதைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள், தட்டில் இருந்த பெயர்களைத் தேடி மலைக் கிராமங்களுக்குப் போனார்கள். வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்று வாழ்ந்த டாக் பாக்ஸைப் பீட் சீகரின் தந்தைவழித் தம்பி மைக் சீகர் 1963-இல் கண்டுபிடித்தார். ரால்ஃப் ரின்ஸ்லர் 1960-இல் கிளாரன்ஸ் ஆஷ்லியைச் சந்தித்தார். அவர் வழியாக டாக் வாட்ஸன் என்ற பார்வையற்ற கிதார் கலைஞர் உலகுக்குத் தெரிந்தார். அந்த முதியவர்கள் மறுபடி பாடினார்கள். அவற்றையும் ஃபோக்வேஸ் வெளியிட்டது. ஐம்பதுகளில் சீகர் குடும்பத்து வீட்டில் வேலை பார்த்த எலிசபெத் காட்டன், சிறுமியாக இருந்தபோது தாமே கட்டிய ‘ஃபிரெய்ட் டிரெயின்’ பாடலைத் தலைகீழாகப் பிடித்த கிதாரில் வாசித்து, அறுபத்தைந்து வயதில் தம் முதல் தட்டை வெளியிட்டார்.

இவ்வளவு பெருமைக்கும் நடுவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாடகர்களுக்கு என்ன கிடைத்தது? பலருக்குச் சிறு முன்பணம், அதோடு சரி. விற்பனையில் கிடைக்க வேண்டிய பங்கான ராயல்டி ஒழுங்காக வந்ததில்லை என்ற குறை ஃபோக்வேஸ் கலைஞர்களிடம் பரவலாக இருந்தது. வூடி கத்ரி அவ்வப்போது வந்து வாங்கிச் சென்றவை சிறு சிறு தொகைகள். தொலைதூரக் கிராமங்களில் பாடியவர்களுக்குத் தங்கள் குரல் தட்டாகியிருப்பதே தெரியாத நிலையும் இருந்தது. பதிவு செய்த ஆய்வாளரோடு ஒப்பந்தம் முடிந்துவிடும். ஆஷ் பணத்தில் புரண்டவர் அல்லர். மெதுவாக விற்பவற்றை உயிரோடு வைத்திருக்க, விற்பவற்றின் பணம் போனது என்பது அவர் தரப்பு. இதில் உண்மை உண்டு. ஆனால் தம் பாட்டின் பணம் தவளைக் குரலை வாழவைக்கிறது என்று அந்தப் பாடகரிடம் யாரும் கேட்டு ஒப்புதல் வாங்கவில்லை. எல்லாவற்றையும் காப்பாற்றிய அந்தப் பட்டியலுக்கு விலை கொடுத்தவர்களில் ஏழைப் பாடகர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லித்தான் ஆஷைக் கொண்டாட வேண்டும்.

எண்பதுகளில் முதுமை வந்ததும், தமக்குப் பின் என்ன ஆகும் என்ற கவலை அவருக்குப் பெரிதானது. வாங்க வருபவர்கள் விற்பனையாகும் ஐம்பது நூறு தட்டுகளை எடுத்துக்கொண்டு மற்றதைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். கிளாரன்ஸ் ஆஷ்லியைத் தேடிப் போன அதே ரால்ஃப் ரின்ஸ்லர் அப்போது வாஷிங்டனில், அருங்காட்சியகங்களை நடத்தும் பொது அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உயர்பொறுப்பில் இருந்தார். பேச்சு நீண்டது. ஆஷ் இறந்து, 1987-இல் ஸ்மித்சோனியன் பட்டியலை வாங்கியது. நிபந்தனை ஒன்றே ஒன்று: 2,168 தொகுப்புகளும் என்றும் கிடைக்க வேண்டும். ஆர்டர் வந்தபின் ஒற்றைப் பிரதியாக நாடாவிலும், பிறகு குறுந்தட்டிலும் பதிந்து கொடுத்து அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். பிறகு இணையம் வந்து அந்தச் சுமையைப் பெருமளவு குறைத்தது. வாங்குவதற்கான பணத்துக்கு உதவ 1988-இல் வூடி கத்ரி, லெட் பெல்லி பாடல்களைப் பாப் டிலனும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் யு2 குழுவும் பாடிய தொகுப்பு ஒன்று வெளியானது. டிலன் இளமையில் சேர விரும்பிய நிறுவனமே ஃபோக்வேஸ்தான். 1963-இல் புனைபெயரில் சில பாடல்கள் பாடியதோடு அந்த ஆசை நின்றது.

தட்டுகளோடு ஆஷின் கடிதங்களும், கணக்கேடுகளும், வெளியிடப்படாத பதிவுகளும் வந்து சேர்ந்தன. அந்தக் குவியலைச் சீர்செய்தபோது, கத்ரி 1944-இல் பாடிய ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாடலின் வேறொரு பதிவு கிடைத்தது. ‘தனியார் சொத்து’ என்று எழுதிய பலகை வழிமறிப்பதைப் பாடும் அடி அதில் இருந்தது. பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்ட வடிவத்தில் இல்லாத அடி அது; 1997-இல்தான் தட்டில் வெளிவந்தது.

ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் இன்று பெரும்பாலும் தன் விற்பனை வருவாயைக் கொண்டே இயங்குகிறது. பழைய பாடகர்களின் வாரிசுகளைத் தேடி ராயல்டி சேர்ப்பிப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. பெயரும் ஊரும் மட்டுமே எழுதப்பட்ட பதிவுகளில் அது மிகக் கடினமான வேலை. 2005-இல் இணையத்தில் பதிவுகளைத் தரத் தொடங்கியபோது, டெல்லியை ஒட்டிய குருகிராமில் இருக்கும் இசை இனவியல் ஆவணக் காப்பகத்தையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது. ஆஷ் சேகரிப்பு 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. சிறு நிறுவனங்கள் நடத்தி முதுமை அடைந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக ஸ்மித்சோனியனுக்கே வந்தார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் எமரி குக் 1990-இல் தம் பட்டியலைக் கொடுத்தார். உலகின் விடுதலை இயக்கப் பாடல்களை 50 தொகுப்புகளாக வெளியிட்ட பார்பரா டேனும் இர்வின் சில்பரும் அடுத்த ஆண்டு தங்கள் பரேடன் நிறுவனத்தை ஒப்படைத்தார்கள். கலிபோர்னியாவில் 1960-இல் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் தொடங்கிய ஆர்ஹூலி, 350-க்கும் மேற்பட்ட தொகுப்புகளுடன் 2016-இல் சேர்ந்தது.